ஆறு நாற்பத்தேழுக்கு அண்ணாந்த ஊர்

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு நாற்பத்தேழுக்கு அண்ணாந்து பார்த்த எங்கள் ஊர், அடுத்த வார வியாழக்கிழமை வரை தலையை இறக்க முடியாமல் அப்படியே இருந்தது. அன்று தக்காளி விலை சற்று இறங்கியிருந்தது, காற்று தென்மேற்கிலிருந்து வீசியது, பள்ளிகளுக்கு அரை நாள் விடுமுறை விட்டிருந்தார்கள். கைக்குழந்தைகளையும் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களையும் விட்டுவிட்டால், ஊரில் உள்ள அத்தனை பேரின் கழுத்தும் பின்பக்கமாக மடங்கி, முகம் வானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டது. வலி எதுவும் இல்லை. மூச்சு நன்றாக வந்தது, பசி நேரத்துக்கு எடுத்தது. எழுந்து நடமாடக்கூடிய ஆட்களில் கழுத்து நேராக இருந்தவர் ஒரே ஒருவர்தான். எல்லோரையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லிச் செய்தி எழுதியவர் அவர்.

அவர் எங்கள் ஊர் நாளிதழின் உதவி ஆசிரியர். அலுவலகத்தில் அவரை விண்வெளி என்று கூப்பிடுவோம். வானத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அறிவியல் பக்கம் பார்த்தவர் வேலையை விட்டுப் போன அன்று காலியாக உட்கார்ந்திருந்தவர் இவர் என்பதால் வானம் இவர் தலையில் விழுந்தது. பதினெட்டு வருடம் அதைச் சுமந்தார். அவர் எழுதியதற்கெல்லாம் எழுத்துப்பிழை பார்த்தவன் நான் என்பதால், அவர் வேலை செய்யும் விதத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். செய்தி நிறுவனத்திலிருந்து வரும் குறிப்பை எடுத்துக்கொள்வார். பத்தியின் அடியில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பக்கம் போடுகிறவரிடம் கேட்பார். ஒரு வரி மிஞ்சினால், இனி இப்படியொரு காட்சி நூறு ஆண்டு கழித்துத்தான் என்று எழுதுவார். இரண்டு வரி மிஞ்சினால் அதே காட்சி நானூற்று நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னால் போய்விடும். விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வாபஸ் ஆன ஒரு நாளில் சாதாரண சந்திர கிரகணம் ஒன்றுக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் ஆண்டு கிடைத்தது. நானும் எழுத்துப்பிழை மட்டும் பார்த்து அனுப்பிவைத்தேன். ஒரே வருடத்தில் நான்கு முறை எங்கள் வாழ்நாளின் மிகப் பெரிய நிலா உதித்தது. நான்கு முறையும் மாடி ஏறினோம். நான்கு முறையும், ஆமாமா, பெருசாத்தான் இருக்கு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இறங்கினோம்.

அவருடைய மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். ஊரில் எல்லோருக்கும் ரத்தக்காரம்மா. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, விரலால் ஒரு சின்ன எண்ணும் கருவியை டிக் டிக்கென்று அமுக்கியபடி அணுக்களை எண்ணுகிற வேலை. எதையும் இரண்டு முறை எண்ணுவார், இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது முறை. எங்கள் ஊரில் மேயர் சொன்னதை மறுத்துப் பேசியவர்கள் உண்டு, ரத்தக்காரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை மறுத்தவர்கள் கிடையாது. அப்படிப்பட்டவர் கணவர் எழுதுகிற எண்களைக் காலையில் தேநீரோடு படித்து அப்படியே நம்பினார். அச்சில் வருகிற எண்ணை யாராவது எண்ணித்தானே போட்டிருப்பார்கள் என்பது அவர் எண்ணம். வால் நட்சத்திரம் வரப்போகிறது என்ற செய்தி வந்த வாரமே அவர் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமா கீழேயே பாத்துக்கிட்டிருக்கேன், ஒரு நாளாச்சும் மேல பாக்கணும் என்று கணவரிடம் சொன்னார். கணவர், பார்க்கலாமே என்றார்.

அந்த வால் நட்சத்திரத்தைப் பற்றிச் செய்தி நிறுவனம் அனுப்பிய குறிப்பு நான்கே வரி. மேற்கே, அடிவானத்துக்கு மூன்று விரற்கடை மேலே, இருட்டத் தொடங்கும் நேரத்தில், மங்கலாக, சில நாட்களுக்கு. விண்வெளி அதைப் படித்துப் பார்த்தார். அடிவானம் என்று போட்டால் எவன் மாடி ஏறுவான் என்று கேட்டார். தலைக்கு நேர் மேலே என்று மாற்றினார். மங்கலாக என்பதை எடுத்துவிட்டு, பட்டப்பகல் போல் என்று போட்டார். நேரத்தை மட்டும் மாற்றாமல் ஆறு நாற்பத்தேழு என்றே விட்டார், ஏனென்றால் அது பார்க்கத் துல்லியமாக இருந்தது. அதற்கப்புறம் நடந்ததற்கு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. உள்ளூர்த் தொலைக்காட்சி திரையின் மூலையில் ஒரு கடிகாரத்தைப் போட்டு நாட்களைக் கழித்துக்கொண்டே வந்தது. மெத்தைக் கடைக்காரர் வால் நட்சத்திரத் தள்ளுபடி அறிவித்தார், நாங்களும் மெத்தைக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காமல் வாங்கினோம். கல்லூரி இயற்பியல் பேராசிரியரைத் தொலைக்காட்சியில் கூப்பிட்டு, பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். அவர் பார்க்கலாம், ஆனால் என்று ஆரம்பித்தார். பார்க்கலாம் என்பது வரைக்கும் ஒளிபரப்பினார்கள். ஆறு முறை கூப்பிட்டார்கள், ஆறு முறையும் அவருடைய 'ஆனால்' ஊர் வந்து சேரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கே மாடிகள் நிறைந்துவிட்டன. பேருந்து ஓட்டுநர்கள் வண்டிகளை நடுவழியில் நிறுத்திவிட்டு அவற்றின் கூரை மேலேயே ஏறிக்கொண்டார்கள். ரத்தக்காரம்மா பாயும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடியில் இடம் பிடித்தார். கணவரையும் வரச் சொன்னார். எனக்கு இன்னைக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு, நீ பாத்துட்டுச் சொல்லு என்றார் அவர். உண்மையில் அன்று வேலை எதுவும் இல்லை, நாளைக்கான செய்தியைக்கூட முந்தின நாளே எழுதி வைத்திருந்தார். ஆறு நாற்பத்தேழுக்கு ஊர் முழுக்கத் தலையைப் பின்னால் சாய்த்தது. ஒன்றும் இல்லை. கொஞ்சம் தாமதமாகும் என்றார்கள். ஏழு மணி ஆனது, ஏழேகால் ஆனது. யாருக்கும் முதலில் தலையை இறக்க மனம் வரவில்லை, இறக்கிய நொடியில் வந்துவிட்டால் என்ன செய்வது. ஏழரைக்கு யாரோ ஒருவர் போதும் என்று இறக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்து மாடியிலிருந்து இன்னொருவர், எனக்கும்தான் என்றார். பிறகு தெருத்தெருவாக அந்தச் சொல் பரவியது.

ஊர் தலையைச் சாய்த்த ஆறு நாற்பத்தேழுக்கு விண்வெளி ஆற்றுப் பாலத்தின் நடுவில் இருந்தார். ஆள் நடமாட்டமில்லாத ஊரில் காலாற நடப்பது அவருக்குப் பிடித்திருந்தது, தான் எழுதியதை நம்பி இத்தனை பேர் ஏறியிருக்கிறார்களே என்று கொஞ்சம் சிரிப்பும் வந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நேராகப் பார்த்தார். எதிரே மேற்கு. ரொட்டித் தொழிற்சாலையின் புகைபோக்கிக்கு வலப்பக்கம், அடிவானத்துக்கு மூன்று விரற்கடை மேலே, சாக்பீஸ் தூள் பட்ட விரலால் கரும்பலகையில் ஒருமுறை இழுத்தது போல ஒரு சின்னக் கோடு. முதலில் கண்ணில் தூசி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டார். கோடு அங்கேயேதான் இருந்தது. பதினெட்டு வருடம் வானத்தைப் பற்றி எழுதியவர் அன்றுதான் முதல் தடவையாக அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அழகாக இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார், அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை, அவரிடம் நான் அப்படியொரு பஞ்சத்தை அதுவரை கண்டதில்லை. அதை மறைய விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார், மனைவியிடம் சொல்லத்தான் ஓடினார். மாடியில் மனைவி முகத்தை வானத்துக்குக் கொடுத்து நின்றுகொண்டு, வந்துட்டீங்களா, என் தலை இறங்க மாட்டேங்குதுங்க என்றாள். சொன்னால், திசையை மாற்றியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. அவளைக் கைத்தாங்கலாகப் படி இறக்கினார்.

ஊர் மெல்லப் பழகிக்கொண்டது. எங்களுக்கு எதுவும் பழகிவிடும், அதுதான் எங்கள் குணமும் கோளாறும். நகராட்சி தெருவோரங்களில் கயிறு கட்டியது, அதைப் பிடித்தபடி வேலைக்குப் போனோம். கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து நடந்து பார்த்தோம், வலம் எது இடம் எது என்று குழம்பி மூன்று பேர் சாக்கடையில் விழுந்ததும் விட்டுவிட்டோம். அந்தக் கண்ணாடியை மேற்குப் பக்கம் திருப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. முடிதிருத்தகத்தில் முடிவெட்டு நின்றுபோனது, சவரம் கொடிகட்டிப் பறந்தது. டாக்டர் தன் கையெழுத்தைப் பார்க்காமலே மருந்துச் சீட்டு எழுதினார், மருந்துக் கடைக்காரருக்கு வித்தியாசம் தெரியவில்லை. தொலைக்காட்சிப் பெட்டிகள் பரணுக்கு ஏறின. அதில் அறிவிப்பாளர் தானும் அண்ணாந்தபடி, வால் நட்சத்திரம் வரும் வழியில் இருக்கிறது, இன்று மாலை நிச்சயம் என்று சொன்னார். மறுநாளும் சொன்னார். எங்கள் நாளிதழும் பின்தங்கவில்லை. ஆசிரியர் கட்டளைப்படி விண்வெளி தினமும் முதல் பக்கத்தில் இன்று தெரியும் என்று எழுதினார், நான் தாளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு எழுத்துப்பிழை பார்த்தேன்.

பரிசோதனைக் கூடத்தில் ரத்தக்காரம்மாவால் நுண்ணோக்கியில் கண் வைக்க முடியவில்லை. கருவியைத் தலைகீழாகக் கூரையில் மாட்டிப் பார்த்தார்கள், யாரோ ஒருவருடைய ரத்தம் அவர் நெற்றியில் சொட்டியது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விண்வெளி அவருக்குச் சாப்பாடு ஊட்டினார், தலை வாரிவிட்டார், செருப்பு மாட்டிவிட்டார். தானும் கழுத்து பிடித்துக்கொண்டவர் போல முனகினார். தெருவில் எதிரே வருகிறவர்களுக்கு அவர் கழுத்து நேராக இருப்பது தெரிய வழியில்லை, அவரைத் தவிர அத்தனை பேரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாலையும் வேலை என்று சொல்லிவிட்டுப் பாலத்துக்குப் போனார். ஒவ்வொரு மாலையும் கோடு குறுகிக்கொண்டே வந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். அவருக்குத் தன் மேலேயே கசப்பாக இருந்தது.

ஒன்பதாவது நாள், வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டின் நடுவில் ரத்தக்காரம்மா வாயை மூடிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளேன்."

"பக்கத்து வீட்டு அண்ணன் அண்ணிக்கு ஊட்டினா பாதி காதுக்குள்ள போகுதாம். நீங்க ஊட்டுறது ஒரு தடவை கூட மூக்குல படல. இதோட எழுநூத்து முப்பத்தேழு வாய். ரெண்டு வாட்டி எண்ணிட்டேன். உங்க கழுத்து நல்லாத்தான இருக்கு?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். இதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பட்டது. அவள் முகம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, இரும்பு அலமாரியின் மேல் ஏறி, பழைய சூட்கேஸையும் மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியையும் ஒதுக்கிவிட்டுக் குப்புறப் படுத்து, தலையை விளிம்புக்கு வெளியே நீட்டினார். அவர் நீட்டியதில் பல வருடத்துத் தூசி அவள் கண்ணில் விழுந்தது. இறங்கி வந்து ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் ஏறினார். அங்கிருந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். மிஞ்சுகிற வரிகளைச் சொன்னார், வருடங்களைச் சொன்னார், அடிவானத்தை உச்சந்தலைக்கு மாற்றியதைச் சொன்னார்.

"அப்ப நீங்க மாடிக்கு வராததே அதனாலதானா?"

"ஆமா. நான் எழுதுனதை நான் நம்பல. ஆனா பாத்தேன். பாலத்துல நின்னு பாத்தேன்."

"எவ்வளவு பெருசு?"

"என் சுண்டுவிரல் நகத்தளவு."

"பளிச்சுன்னு இருந்துச்சா?"

"இல்ல. மங்கலாத்தான். தேடிப் பாத்தாத்தான் தெரியும்."

அவள் தன் சுண்டுவிரலை முகத்துக்கு மேலே தூக்கி நகத்தைப் பார்த்தாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து நீங்க வானத்தைப் பத்திச் சொன்னதுல நம்புற மாதிரி இருக்கறது இதுதான் என்றாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். நேற்று இருந்தது, ரொம்பச் சின்னதாகிவிட்டது என்றார் அவர். அவள் கட்டிலில் குப்புறப் படுத்தாள். பின்னால் மடங்கிய கழுத்தோடு குப்புறப் படுத்தால் கண்ணுக்கு நேராக எதிர்ச்சுவர் தெரிந்தது, சுவரில் கடிகாரம் தெரிந்தது. ஒன்பது நாளாக ஒருக்களித்தே தூங்கிய எங்கள் ஊரில் ஒருவருக்கும் இது எட்டவில்லை. அவளுக்கு அரை நிமிடம் ஆனது.

ஆறரைக்கே மாடியில், கைப்பிடிச் சுவர் மறைக்காத உயரத்துக்கு மேசை மேல் மெத்தையைப் போட்டு, மேற்கே தலை வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவர் அவள் தாடைக்குக் கீழே தலையணையை மடித்து வைத்தார். வானம் ஆரஞ்சு நிறம் மங்கிச் சாம்பலானது. ஆறு நாற்பத்தேழு ஆனது. அவர் புகைபோக்கிக்கு வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று பார்த்தார். கோடு இல்லை. இவ்வளவு நாள் காத்திருந்துவிட்டுப் போயிருந்தது. ஏழு மணிக்கு அவள் மெதுவாக, சந்தோஷமாகக் கேட்டாள்.

"புகைபோக்கிக்கு வலப்பக்கம் மங்கலா நீளமா இருக்கே, அதாங்க?"

அவர் பார்த்தார். ரொட்டித் தொழிற்சாலையில் சாயங்கால அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஆமாம் என்று சொன்னால் போதும். அவள் அதைக் கடைசிவரை பார்த்துவிட்டேன் என்று வைத்துக்கொள்வாள், தான் செய்ததும் அதோடு கழிந்துவிடும் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. அந்த ஒற்றைச் சொல் அவர் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. பேச்சாக இல்லாமல் எழுத்தாக இருந்திருந்தால் ஆமாம் என்றே எழுதியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

"அது புகைம்மா. வால் நட்சத்திரம் போயிடுச்சு. இனிமே ஒண்ணும் இல்ல."

அவள் கழுத்தில் சொடக்கு எடுத்தது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தலை முன்னால் வந்து தலையணையில் முகம் புதைந்தது. அப்படியே கொஞ்ச நேரம் கிடந்து அழுதாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, கழுத்தைத் தடவிக்கொண்டே அவரை நேருக்கு நேர் பார்த்தாள். மொத நாளே சொல்லியிருந்தா நான் பாத்திருப்பேன் என்றாள். எவ்வளவு இடம் மிஞ்சினாலும் நிரப்பத் தெரிந்தவர் தலை குனிந்துகொண்டார். அவள் தலையணையை உதறி எடுத்துக்கொண்டாள், மெத்தையின் ஒரு முனையை அவர் பிடிக்கட்டும் என்று நின்றாள். கீழே இறங்கியதும் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு, வாங்க, மத்தவங்களுக்கும் சொல்லணும்ல என்று தெருவில் நடந்தாள்.

அன்றைக்கும் மறுநாளும் அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். முதலில் அவர் சொன்னார். போயிடுச்சு, இனிமே ஒண்ணும் இல்லைங்க என்றார். நான்கு வீட்டில் திட்டினார்கள், ஐந்தாவது வீட்டில் கதவைச் சாத்தினார்கள், இன்று தெரியும் என்று காலையில் நீங்கள்தானே எழுதினீர்கள் என்று பேப்பரைத் தூக்கிக் காட்டினார்கள். அதன் பிறகு அவரைப் பின்னால் நிறுத்திவிட்டு ரத்தக்காரம்மா சொன்னார். நானும் பாத்தேன், ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு சொடக்குச் சத்தம் கேட்டது. தலைகள் இறங்கின. இறங்கியவர்கள் முதலில் தங்கள் கால்களைப் பார்த்தார்கள், பிறகு வீட்டில் இருந்தவர்களை. டாக்டர் மட்டும் இன்னொரு நிபுணரிடமும் கேட்டுக்கொள்கிறேன் என்றார், இயற்பியல் பேராசிரியரை அழைத்து வந்து ஆனாலுக்குப் பின்னால் இருந்ததை முழுக்கக் கேட்ட பிறகு அவருக்கும் இறங்கியது. சனிக்கிழமை நாளிதழில் வால் நட்சத்திரம் போய்விட்டது என்று ஒற்றை வரி வந்தது, பத்தியில் மீதி இடம் வெறுமையாக இருந்தது. விற்பனை குறைந்ததாக ஆசிரியர் வருத்தப்பட்டார். விண்வெளியிடமிருந்து வானத்தைப் பிடுங்கிக் காய்கறி விலைப்பட்டியலைக் கொடுத்தார்கள். பத்தொன்பது நாள் ரத்தக்காரம்மா கணவரோடு பேசவில்லை. இருபதாவது நாள் கத்தரிக்காய் விலை தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்றார், போய்ப் பார்த்தால் தப்பாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் தினமும் மாலையில் இருவரும் பாலம் வரை நடக்கிறார்கள். ஏதாவது தெரிந்தால் அந்த நிமிடமே அவர் சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

என் மாடிக்கு அவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். அந்த எண்கள் எதற்காகப் போடப்பட்டவை என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவன் நான், என் கழுத்தும் மற்றவர்களுடையதைப் போலவே மடங்கியிருந்தது. ரத்தக்காரம்மா தன் வாயால் ஒண்ணும் இல்லைங்க என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நீங்க சொன்னா சரிதாம்மா, இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு இறக்கிக்கறேன் என்று சொன்னேன். அவர் சற்று நின்று பார்த்துவிட்டு, பிடரிக்கு ஒரு துணியை மடித்து வைத்துவிட்டுப் போனார். அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. எங்களைப் போல ஊரில் முப்பத்தொரு பேர் இருக்கிறோம், தொலைக்காட்சி அறிவிப்பாளரும் எங்களில் ஒருவர். கூரைக்கு வெள்ளையடிக்கவும் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கவும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள், அலுவலகத்தில் எனக்கு மட்டும் தாளைத் தலைக்கு மேலே கொடி கட்டி மாட்டிவைக்கிறார்கள். மழையின் முதல் துளி எங்கள் முகத்தில்தான் விழும். நாங்கள் குரல் கொடுப்போம், ஊர் மாடிக்கு ஓடிப்போய்க் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொள்ளும்.